நான் நல்லதென்று சொன்ன கத்தி

மகனே, போன ஞாயிறு பூசை முடிந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது உன் போன் வந்தது. ஜெர்மனியில் காத்தாடி வேலை, அதுதான் காற்றாலை வேலை, கிடைத்துவிட்டது, விசாவும் வந்துவிட்டது, அடுத்த மாதம் நீயும் மருமகளும் புறப்படுகிறீர்கள் என்று சொன்னாய். உன் அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டு அழுதாள், சிரித்தாள், அங்கே குளிருக்கு என்ன போட்டுக்கொள்வாய் என்று கேட்டாள். போன் திரும்ப என் கைக்கு வந்தபோது நீ ஒன்று சொன்னாய். "அப்பா, மதுரை ஏர்போட்டுக்கு வழியனுப்ப வரும்போது சூசை பெரியப்பாவையும் கூட்டிட்டு வாங்க. அவிய கையால நெத்தியில ஒரு சிலுவை போட்டு வாங்கிட்டுப் போறேன்." எந்தக் கையால் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. கேட்காமல் விட்டதெல்லாம் சேர்ந்துதான் இந்தக் கடிதம்.

நான் நாலாம் வகுப்போடு நின்றவன். எழுத்துக் கூட்டி எழுதுவதற்குள் சொல்ல வந்தது எங்கோ மேயப் போய்விடுகிறது, ஓட்டிக்கொண்டு வர வேண்டியிருக்கிறது. பொறுத்துப் படி. பங்குச் சாமியாரிடம் கேட்டு இதைக் கோயில் இதழிலும் போடச் சொல்லியிருக்கிறேன். உனக்குக் கோபம் வரும். வரட்டும். உன் கடையில் கத்தி வாங்கினவர்கள் வீட்டிலெல்லாம் அவை இன்னும் கிடக்கின்றன. அவர்கள் யார், எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது. அதனால் இது உனக்கு எழுதுவது, அவர்களும் படிப்பதற்கு.

அந்த ஜெர்மன்காரரிடமிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். நீ அப்போது காத்தாடிக் கம்பெனியில் சேர்ந்து ஒரு வருடம் இருக்கும். எப்போதும்வென்றான் ஊர்ப் பக்கம் புதுக் காத்தாடி நிறுத்தும் வேலைக்கு வந்தவரை ஒரு நாள் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டி வந்தாய். வாசல் நிலையில் இடித்துக்கொள்ளாமல் நுழைய அவருக்கு இரண்டு தரம் குனிய வேண்டியிருந்தது. முகமெல்லாம் வெயில் பட்டு வற்றல் மிளகாய் நிறம். நான் கொல்லையில் வேப்பமரத்தில் கிடாயைத் தொங்கவிட்டு உரித்துக்கொண்டிருந்தேன். மனிதர் உன் அம்மா கொடுத்த காப்பியோடு அங்கன வந்து குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். நம் ஊர் ஆட்கள் உரிப்பதைப் பார்த்தால் எப்போது கறி கிடைக்கும் என்றுதான் பார்ப்பார்கள். இவர் என் மணிக்கட்டைப் பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்து தன் கத்தியை உருவி என்னிடம் நீட்டினார். அவர் அங்கே காட்டுப் பன்றியும் மானும் வேட்டையாடுகிறவர், அதற்கு அங்கே முறைப்படி அனுமதிச் சீட்டு உண்டு என்று நீ சொன்னாய். இங்கே நான் இளவட்டத்தில் நாயோடு முயல் விரட்டப் போய் வனத்துறைக்காரர் முன்னால் கை கட்டி நின்ற கதை உனக்குத் தெரியும். அதை விடு.

அந்தக் கத்தியை வாங்கி, கைப்பிடி முனையை இரண்டு விரலால் தொங்கவிட்டு, அலகில் நகத்தால் ஒரு சுண்டு சுண்டிக் காதோரம் வைத்துக் கேட்டேன். ஜெர்மன்காரர் சிரித்தார். பிறகு அவரும் வாங்கி அதே போலச் சுண்டிக் கேட்டார். அப்புறம் சிரிக்கவில்லை. அவர் எனக்குப் பாஷை இல்லாமலே ஒன்று காட்டிக்கொடுத்தார். என் வெட்டரிவாளை எடுத்து எலும்பைத் தொட்டுக் காட்டினார். தன் கத்தியை எடுத்துத் தோலையும் மூட்டுச் சந்தையும் தொட்டுக் காட்டினார். கத்தியை எலும்புக்குக் கொண்டுபோய், வேண்டாம் என்று தலையை ஆட்டினார். வேட்டைக் கத்தி என்றால் வெட்டுகிற கத்தி என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். அது உரிக்கிற கத்தி, திறக்கிற கத்தி. குடல் கிழியாமல் வயிற்றைத் திறக்க முனையும், தோல் ஓட்டை விழாமல் வழித்தெடுக்க வளைந்த வாயும் வைத்திருப்பார்கள். போகும்போது அந்தக் கத்தியை எனக்கே கொடுத்துவிட்டுப் போனார். அதை வைத்துத்தான் மற்றதெல்லாம் நான் அளந்தேன்.

இதை இதழில் படிக்கிறவர்கள் உங்கள் வீட்டுக் கத்தியை இப்போதே எடுத்து வந்து பாருங்கள். முத்திரை இருக்கும், ஜெர்மனியில் கத்திக்குப் பேர்போன ஊர்ப் பெயர் இருக்கும். பெயரை வாசிக்காதீர்கள், அதன்மேல் நகத்தை ஓட்டுங்கள். நான் பார்த்த நல்ல கத்தியிலெல்லாம் முத்திரை இரும்பில் பதிந்திருந்தது, நகம் தட்டியது. வழுக்கிக்கொண்டு போனால் அது மேலே ஒட்டின மை, அங்கேயே சந்தேகப்படுங்கள். முதுகுப்பக்கத்தைக் கண்ணுக்கு நேரே வைத்து நீளவாட்டில் பாருங்கள், நேராக இருக்க வேண்டும். வாயை வெயிலுக்குக் காட்டினால் கூரான கத்தியில் ஒன்றும் தெரியாது. வெள்ளைப் புள்ளி மின்னினால் அந்த இடம் மழுங்கல். அலகும் பிடியும் சேருகிற இடத்தில் தலைமயிர் ஒன்றை நுழைத்துப் பாருங்கள், நுழையக் கூடாது. நுழைந்தால் ரத்தமும் நுழையும், உள்ளேயே துரு ஏறும். கடைசியாகச் சத்தம். அலகின் வால் பிடிக்குள்ளே கடைசிவரை போயிருந்தால் சுண்டும்போது பிடி வரைக்கும் அதிரும். கட்டைவிரல் நீளத்துக்கு வாலை விட்டுப் பசை ஊற்றி ஒட்டியிருந்தால் டொக்கென்று அமுங்கிவிடும். அதிலும் சந்தேகம் என்றால் முனையைக் கறி வெட்டுகிற புளியமர முட்டியில் லேசாக இறக்கிப் பிடியை இடம் வலமாக அசைத்தால் உண்மையைச் சொல்லிவிடும். இவ்வளவும் செய்ய ஒரு வெற்றிலை போடும் நேரம் ஆகாது.

காத்தாடி வேலையை விட்டு நீ கோவில்பட்டியில் கத்திக் கடை போட்டபோது முதலில் வந்த கத்திகள் அத்தனையும் அந்த ஜெர்மன்காரர் மூலமாக வந்தவை. ஒவ்வொன்றையும் நான் உட்கார்ந்து பார்த்துக் கொடுத்தேன். இரண்டைத் திருப்பி அனுப்பச் சொன்னேன், அனுப்பினாய். "கறிக்கடைக்காரர் பார்த்த கத்தி" என்று ஒரு பேச்சே கிளம்பியது. தோட்டம் வைத்திருக்கிறவர்கள், நாய் வளர்க்கிறவர்கள், சும்மா ஆசைக்கு வாங்குகிறவர்கள் என்று தேடி வந்தார்கள். நாற்பது வருடம் ஆடு உரித்தபோது கிடைக்காத மரியாதை, கத்தியைச் சுண்டிக் காதில் வைத்ததில் கிடைத்தது. எனக்கு அது பிடித்திருந்தது, மகனே. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

அடுத்த கத்திப் பெட்டி வந்த சமயத்தில்தான் உனக்குப் பெண் பேசிக்கொண்டிருந்தோம். மருமகளின் அப்பா மாப்பிள்ளையின் கடையைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி வந்தார். பேச்சுக்குத் துணையாகச் சூசை அண்ணாச்சியை நான் கூட்டி வந்திருந்தேன். அண்ணாச்சியை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, இதழ் படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். எனக்கு மூன்று வயது மூத்தவர். சொந்தம் கிடையாது. இருவரும் ஒரே ஆளிடம் தொழில் படித்து, ஒரே முட்டியில் கறி வெட்டினவர்கள். கோயில் அசனத்துக்கு வருடா வருடம் நாங்கள் இரண்டு பேரும்தான் கிடாய் உரிப்போம். ஊர் முழுக்க உட்கார்ந்து சாப்பிடுகிற சாப்பாட்டுக்குக் கறி வெட்டுவது கூலிக்குச் செய்கிற வேலை இல்லை.

சம்பந்தி பெட்டியிலிருந்து ஒரு கத்தியை எடுத்தார். மான்கொம்பு மாதிரி பிடி. மாதிரிதான். "சம்பந்தி, நமக்கு இதெல்லாம் தெரியாது. நீங்கதான் பாத்துச் சொல்லுவீங்களாமே" என்று என்னிடம் நீட்டினார். கையில் வாங்கினதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. கனம் முழுக்க அலகில் இருந்தது, பிடியில் ஒன்றுமில்லை. நகத்தை ஓட்டினேன், முத்திரை வழுக்கியது. உன்னைப் பார்த்தேன். நீ என்னைப் பார்க்காமல் கண்ணாடி அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தாய். சுண்டினால் சத்தம் வெளியே வந்துவிடும் என்று நான் சுண்டவில்லை. "நல்ல கத்தி" என்றேன். இரண்டே வார்த்தை. சம்பந்தி அப்போதும் தயங்கினார். "போன தடவை வந்தது மரப்பிடி போட்டிருந்துதுன்னு சொன்னாங்களே" என்று இழுத்தார். அந்த இடத்தில்தான் சூசை அண்ணாச்சி கையை நீட்டி அந்தக் கத்தியை என்னிடமிருந்து வாங்கினார். ஒரு தரம் திருப்பிப் பார்த்தார். "எனக்கு இதுல ஒண்ணு எடுத்து வையிப்பா, அசனத்துக்கு ஆகும்" என்று உன்னிடம் சொன்னார். கறி வெட்டுகிறவரே வாங்குகிறார் என்றதும் சம்பந்தி முகம் தெளிந்துவிட்டது. அன்றைக்கே நாள் குறித்தோம்.

மறுநாள் காலையில் கடைக்குப் பின்னால் வைத்து உன்னைக் கேட்டேன். "ஏலே, இது எங்கன உள்ள சரக்கு?" நீ எந்த ஊர் என்று சொல்லவில்லை. "அப்பா, வாங்குதவன்ல எவன் ஆடு உரிக்கப் போறான்? எல்லாம் சுவத்துல மாட்டி வைக்கதுக்குத்தான வாங்குதான்" என்றாய். பெரியப்பா உரிப்பாரே என்று நான் சொன்னேன். "அவியட்ட நான் பேசிக்கிடுதேன், கல்யாணம் முடியட்டும்" என்றாய். நான் சரி என்று பஸ் ஏறிவிட்டேன். ஓட்டப்பிடாரம் வரும்வரை ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, நீ சொன்னது நியாயம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். நீ சொன்னது நியாயமாக இருந்தால் அதை ஒரு தரம் சொன்னால் போதுமே, அவ்வளவு தூரம் சொல்லிக்கொண்டே வருவேனா?

கல்யாணம் முடிந்தது. நீ பேசவில்லை. நானும் பேசவில்லை. கல்யாணத்துக்கும் அசனத்துக்கும் நடுவே ஒன்றரை மாதம் இருந்தது. அண்ணாச்சியை நான் தினமும் பார்த்தேன். அவர் மனைவி போய்ச் சேர்ந்த பிறகு காலைக் காப்பி நம் வீட்டில்தான். "அந்தக் கத்தியைத் தொடாதீங்க அண்ணாச்சி" என்று சொல்ல எத்தனை காப்பி கிடைத்தது எனக்கு. சொன்னால் ஏன் அன்றைக்கு நல்லது என்றாய் என்று கேட்பாரே என்று பயம். கேட்டிருக்கவே மாட்டார் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தே பயந்தேன். நீ செய்த தப்பு பெட்டி பிரித்த அன்றோடு முடிந்தது, என்னுடைய தப்பு ஒன்றரை மாதம் தினமும் நடந்தது. உன்னைத் திட்டுவதற்கு முன்னால் இதை எழுதிவிட வேண்டும் என்றுதான் இத்தனை தூரம் வந்தேன்.

அசனத்தன்று வெயில் ஏறுமுன்பே கோயிலுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டோம். நான் வழக்கமான என் கத்தியை எடுத்தேன். அண்ணாச்சி துணிச் சுற்றைப் பிரித்து அந்தக் கத்தியை எடுத்தார். நான் பார்த்தேன். அவரும் நான் பார்ப்பதைப் பார்த்தார். சுற்றி அடுப்பு மூட்டுகிறவர்களும் வெங்காயம் உரிக்கிற பெண்களும் இருந்தார்கள். உன் மாமனாரும் சீர்க் கிடாய் கொண்டுவந்து அங்கன நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "வைங்க அண்ணாச்சி, இந்தாங்க என் கத்தி" என்று சொல்லியிருந்தால் போதும். முதல் கிடாயைச் சரியாக உரித்துவிட்டார். இரண்டாவதில் தொடைச் சந்தைப் பிரிக்க இடது கையால் தொடையை இழுத்துப் பிடித்துக் கத்தியைத் திருகினார். பிடி பிளந்தது. அலகு தனியாகத் திரும்பி இடது உள்ளங்கையைக் குறுக்கே வழித்துவிட்டது. அண்ணாச்சி "துணி கொண்டாங்க" என்று மட்டும் சொன்னார். பிடி எதிரே வந்து விழுந்தது. அதற்குள்ளே மஞ்சளாகப் பசையும், என் கட்டைவிரல் அளவுக்கு ஒரு குழியும்.

தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் நல்லபடியாகத்தான் தைத்தார்கள். ஆனால் அறுந்த நரம்பு முழுதாகச் சேரவில்லை. மூன்று விரல் மடங்காது என்றார்கள். நீ ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கி வந்தாய். கட்டில் பக்கத்தில் நின்று, "பிடியில கொழுப்பு ஏதும் பட்டு வழுக்கிருச்சா பெரியப்பா?" என்று கேட்டாய். அவர் உன்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஆமாய்யா, நான்தான் சரியாப் பிடிக்கல" என்றார். அதைக் கேட்டதும் உன் தோள் இறங்கினதை நான் பார்த்தேன். என் தோளும் இறங்கியது. வெளியே வந்து உடைந்த கத்தியைக் கம்பெனிக்கு அனுப்பிக் கேட்கிறேன் என்று வாங்கிக்கொண்டு போனாய். எந்தக் கம்பெனி? அதற்குப் பிறகு கடையை எடுத்துவிட்டுக் கோயம்புத்தூர் போய் மறுபடி காத்தாடி ஏறினாய். ஊருக்கு வந்தால் அண்ணாச்சி வீட்டுத் தெருவை விட்டுக் குளத்துக் கரை வழியாகச் சுற்றி வருகிறாய். உன் அம்மா ஒரு நாள் சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள், "அவனைச் சொல்லி என்ன, அப்பனும் மகனும் ஒரே மாதிரி வாய மூடிக்கிட்டீங்க. அந்த மனுசன் ஒரு வாழப்பழம் உரிக்கப் படுத பாட்டைப் பாத்தீங்களா?" என்று.

அவர் கறி வெட்டுவதை விட்டுவிட்டார். இடது கை பிடிக்காமல் வலது கையால் எதை வெட்டுவது? போன அசனத்துக்குப் புதூரிலிருந்து ஆள் வந்தது. அண்ணாச்சி பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். கறி துண்டு துண்டாக ஒழுங்கில்லாமல் இருந்தது. அவர் மட்டும் ஒரு துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு வாயில் போட்டுக்கொண்டார்.

உன் போன் வந்த மறுநாள் அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். உன்னை அவரிடம் அனுப்ப வேண்டும், நீ வந்து வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அதற்கு முன்னால் நான் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துத்தான் போனேன். கட்டிலில் உட்கார்ந்து ரேடியோவைத் தட்டிக்கொண்டிருந்தார். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கத்தி போலி என்று எனக்குக் கையில் எடுத்ததுமே தெரியும் என்றேன். அவர் ரேடியோவை அணைத்தார்.

"எனக்கும்தான் தெரியும்லே" என்றார். "நீ படிச்ச எடத்துலதான் நானும் படிச்சேன். கையில வாங்கினதுமே தெரிஞ்சுபோச்சு."

பிறகு ஏன் வாங்கினீர்கள் என்று கேட்டேன்.

"உன் சம்பந்தி யோசிச்சாரு. நீ வேர்த்துப் போயி நிக்க. நான் ஒண்ணு வாங்கினா பேச்சு முடிஞ்சிரும்னு வாங்கினேன்."

வாங்கினதை வீட்டிலேயே வைத்திருக்கலாமே, அசனத்துக்கு ஏன் எடுத்து வந்தீர்கள் என்றேன்.

"அன்னைக்கு அசனத்துக்கு ஆகும்னு அந்த மனுசன் முன்னாலதான சொன்னேன். அவரு கெடாயோட வந்து உக்காந்திருக்காரு. வேற கத்தியை எடுத்தா, அது என்ன ஆச்சுன்னு கேக்க மாட்டாரா? ரெண்டு கெடாய்க்குத் தாங்கும்னு நெனச்சேன். நீ சொல்லுவேன்னும் நெனச்சேன். கடைசிவரை உன்னையத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

மகனே, அவர் கோபமாகச் சொல்லவில்லை. ஆட்டின் எடையைச் சொல்வது போலச் சொன்னார். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பயல் வெளிநாடு போகிறான், உங்களிடம் வந்து காலில் விழச் சொல்கிறேன் என்றேன். அவர் தலையை ஆட்டினார். "வேண்டாம். அவன் வந்து நின்னா பரவாயில்லய்யான்னு நான் சொல்ல வேண்டி வரும். நம்ம வீட்டுப் பிள்ளை, சொல்லாம இருக்க முடியாது. ஆனா பரவாயில்லன்னு எனக்கு இன்னும் ஆகல. அந்தப் பொய்ய ஏங்கிட்ட வாங்கிட்டுப் போகணும்னு அவனை அனுப்பாத" என்றார்.

ஆகவே உனக்கு நான் எழுத உட்கார்ந்தது ஒன்று, எழுதுவது வேறொன்று. போய்ப் பெரியப்பாவைப் பார் என்று எழுத வந்தேன். இப்போது சொல்கிறேன், போகாதே. அவர் மதுரைக்கு வரமாட்டார், நானும் வரமாட்டேன். உன் அம்மா வருவாள், அவளைத் தடுக்க எனக்கு வாயில்லை. அங்கே போய் நல்ல கத்தி செய்கிற ஊரைப் பார்ப்பாய். அங்கேயும் எவனாவது உன்னிடம் இது நல்லதா என்று கேட்பான். அப்போது எனக்குப் போன் பண்ணாதே. நான் கத்தி பார்ப்பதை விட்டுவிட்டேன். நேற்றுக்கூட பாஞ்சாலங்குறிச்சியிலிருந்து ஒருவர் கொண்டுவந்தார், கையில் வாங்காமலே அனுப்பிவிட்டேன்.

அன்றைக்கு நான் எழுந்து புறப்பட்டபோது அண்ணாச்சி கூப்பிட்டார். வலது கையை நீட்டினார். நகம் நீண்டு அழுக்கேறி, ஒன்றிரண்டு கோணலாக உடைந்திருந்தது. இடது கையால் நகவெட்டியை அமுக்க முடியவில்லையாம், இத்தனை நாள் சுவரில் தேய்த்துக்கொண்டிருந்தாராம். ஜன்னலில் இருந்த நகவெட்டியைக் காட்டி, "இதை வெட்டி விட்டுட்டுப் போ" என்றார். அந்தக் கையை என் மடியில் வைத்து ஐந்து விரலுக்கும் வெட்டிவிட்டேன். முடிந்ததும் விரல்களை விரித்துப் பார்த்துக்கொண்டு, "இனிமே சனிக்கிழமை சனிக்கிழமை வந்துரு" என்றார். நாளைக்குச் சனிக்கிழமை. நான் போவேன். எனக்கு அவர் ஒரு வேலை கொடுத்திருக்கிறார், மகனே. உனக்கு ஒன்றும் கொடுக்கவில்லை.

உன் அப்பா